கொங்கு மலைக் குகைகளில் இரும்புத் துருவைத் தேடி

வெள்ளி, கஞ்சமலை

குகைகளில் இரும்பு ஆக்சைடு கனிமங்கள் எப்படி வந்து படிகின்றன என்று கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் பாதி அமெரிக்கா, மீதி பிரேசில். நம்ம பக்கம் மலைக்கா பஞ்சம், போய்த்தான் பார்ப்போமே என்று மச்சானைக் கிளப்பிக்கொண்டு வந்தாயிற்று. அவனுக்குக் கனிமம் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, கார் ஓட்டணும், வழியில் நல்ல சாப்பாடு வேணும், அவ்வளவுதான். சேலத்தில் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குகை என்றதும் கூரையில் இருந்து விழுதுவிழுதாகச் சுண்ணாம்புக்கல் தொங்குகிற இடத்தை நினைத்துக்கொண்டு கொங்கு நாட்டுக்கு வரவேண்டாம். இங்கே இருப்பவை பெரும்பாலும் பெரிய பாறை ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து உண்டான இடுக்குகள், அல்லது பாறையின் அடி பெயர்ந்துபோய் மேலே கூரை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் புடவுகள். கல்லும் கருங்கல் வகைதான். ஆனால் அதிலும் இரும்பு இருக்கிறது, தண்ணீரும் இறங்குகிறது. துருப் பிடிக்க இந்த இரண்டும் காற்றும் போதும்.

கஞ்சமலையில் இரும்பு கொஞ்ச நஞ்சம் இல்லை. மேக்னடைட் என்கிற காந்த இரும்புத் தாதுவும் குவார்ட்ஸ் என்கிற படிகக் கல்லும் மாறி மாறிப் பட்டை பட்டையாகப் படிந்த மலை இது. சித்தர் கோயிலைத் தாண்டி மேலே போகிற ஓடைத்தடத்தில், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றி வந்த காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மணலில் ஒரு இழுப்பு இழுத்தேன். கருமணல் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது, ஒவ்வொரு மணியும் முள்ளு முள்ளாக நட்டுக்கொண்டு நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏனுங் தம்பி, காசு கீசு தொலைச்சுட்டீங்களா?”

“இல்லீங்கய்யா, மண்ணு பாக்கறோமுங்க.”

“இந்தக் கருமணலா? மழை பேஞ்ச மறுநா வாங்க, ஓடை ஓரமெல்லாம் நெளிநெளியா ஒதுங்கிக் கெடக்கும்.”

அவர் சொன்னது அப்படியே சரி. மேக்னடைட் குவார்ட்ஸைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், அதனால் வெள்ளம் வெறும் மணலை இழுத்துப் போகும்போது இது பின்தங்கி ஒதுங்கிவிடும்.

அப்புறம் அவரே ஒரு பாறை இடுக்கைக் காட்டினார், சித்தர் இருந்த இடம் என்று சொன்னார். இந்த மலையில் பத்தடிக்கு ஒரு சித்தர் கதை உண்டு. சித்த மருத்துவத்தில் அயக்காந்த செந்தூரம் என்று இரும்பையும் காந்தக் கல்லையும் சேர்த்துப் புடம் போடுகிற மருந்தே இருக்கிறது என்பதால், இரும்பு மலையில் சித்தர்கள் உட்கார்ந்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இடுக்குக்குள் குனிந்து போய் டார்ச் அடித்தால், கூரையில் கசிவு வருகிற விரிசலை ஒட்டி மட்டும் கரும்பழுப்பில் ஒரு தோல், மெழுகு பூசின மாதிரி பளபளப்பு. அதற்குக் கீழே தரையில் மஞ்சள் பொடி. தேய்த்தால் விழும் கோட்டின் நிறத்தை வைத்து என்ன கனிமம் என்று பார்க்கலாமே என்று, கீழே உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை டைல்ஸ் கல்லின் பின்பக்கச் சொரசொரப்பில் தேய்த்தேன், மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு விழுந்தது. இதுதான் கோதைட், ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் பெயரை 1806-ல் இதற்கு வைத்தார்கள், மனிதருக்குக் கனிமங்களின் மேல் அவ்வளவு ஆசையாம். வெளியே வெயிலில் கிடந்த இன்னொரு துண்டைத் தேய்த்தால் செங்கல் சிவப்பு, அது ஹேமடைட். ஓடையில் எடுத்த கறுப்புத் துண்டு கறுப்புக் கோடு போட்டது, அது மேக்னடைட். மூன்றிலும் இரும்பும் ஆக்சிஜனும்தான், கோதைட்டில் மட்டும் கூடவே ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும், சூடாக்கினால் அது தண்ணீராக வெளியேறும். சுத்தமான மேக்னடைட்டில் எடைக்கு 72 சதவீதம் இரும்பு, ஹேமடைட்டில் 70, கோதைட்டில் 63.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இடுக்குக்குள் மஞ்சளும் வெளியே சிவப்பும் என்று பிரிந்து கிடந்ததுதான். இலைதழை மக்கிய மண் வழியாக இறங்குகிற மழைத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அமிலம் கொஞ்சம் உண்டு, அது பாறையில் இருந்து இரும்பைக் கரைத்துக்கொள்ளும். கரைந்த நிலையில் நிறமே தெரியாது. விரிசல் வழியாகக் கசிந்து குகைக் காற்றைத் தொட்டதும் ஆக்சிஜன் சேர்ந்து இரும்பு கரையாத நிலைக்கு மாறி அங்கேயே படிந்துவிடும். முதலில் படிவது ஃபெரிஹைட்ரைட் என்கிற நிலையில்லாத ஒரு குழம்பு, அது போகப் போக ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் கோதைட்டாகவும், சூடும் வறட்சியும் உள்ள இடத்தில் ஹேமடைட்டாகவும் ஆக வாய்ப்பு அதிகம். குகைக்குள் ஏன் மஞ்சள், வெளியே ஏன் சிவப்பு என்பதற்கு இதுவே பதில். போகிற இடத்தில் எல்லாம் இதைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

இறங்கும்போது கீழே ஸ்டீல் பிளான்ட் தெரிந்தது. இரும்பு மலையின் அடிவாரத்திலேயே இருந்துகொண்டு இந்த மலையின் இரும்பைத் தொடாத ஆலை அது, 1981-ல் உற்பத்தி தொடங்கியதில் இருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் அதன் தொழில். கஞ்சமலைத் தாதுவில் குவார்ட்ஸ் பங்கு ரொம்ப அதிகம், அதைப் பிரித்தெடுக்கிற செலவு கட்டுப்படி ஆகவேண்டுமே. ஹீத் என்கிற வெள்ளைக்காரர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது மட்டும் சேலத்துத் தாது அவ்வளவு தூரம் பயணம் போனது.

சனி, புகளூர் ஆறுநாட்டார் மலை

பரமத்தி வேலூர் தாண்டிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் வேலாயுதம்பாளையம். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மேலே முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் யாரும் குகைப் பக்கம் திரும்புவதில்லை, எங்களுக்கு வசதி.

இங்கே எல்லோரும் வந்து பார்ப்பது தமிழி கல்வெட்டைத்தான். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர்; இளங்கடுங்கோ இளவரசனானபோது யாற்றூர் செங்காயபன் என்கிற மூத்த சமண முனிவருக்கு வெட்டிக் கொடுத்த உறைவிடம் என்று இருக்கிறது. சுமார் 1,800 ஆண்டு பழைய எழுத்து. நான் பார்க்க வந்தது எழுத்துக்கு மேலே உள்ள கூரையை.

பாறையில் இறங்கும் கறுப்புப் பட்டைகளைக் காட்டி, “மாப்ளே, எவ்வளவு இரும்பு பாரு” என்றான் மச்சான். அதில் இரும்பு ரொம்பக் குறைவு. மழைத் தண்ணீர் வழிகிற தடத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும் காய்ந்துபோய்த் தருகிற கறுப்பு அது, நம்ம ஊர்க் கரடு எதைப் பார்த்தாலும் இந்தப் பட்டைகள் இருக்கும். இரும்பு தெரிய வேண்டுமானால் கண்ணைக் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோக வேண்டும். பாறைக்குள் கறுப்பு மைக்கா செதில் ஒன்று, அதைச் சுற்றி மிளகு அளவுக்கு ஓர் ஆரஞ்சு வட்டம், அந்த வட்டத்தில் இருந்து கீழ்நோக்கி மயிரிழையாய் ஒரு வால். அந்த மைக்காவில் இருந்த இரும்புதான் வெளியே வந்து துருப் பிடித்திருக்கிறது. கூரையில் ஈரம் படுகிற பாகத்தில் இந்த வட்டங்கள் நெருக்கமாக இருந்தன, உள்ளே தள்ளி ஈரமே எட்டாத பாகத்தில் கல் வெறும் சாம்பல் நிறம்.

நிறத்தை வைத்தே இது இரும்பு என்று சொல்லிவிடுகிற பழக்கம் சுண்ணாம்புக்கல் குகைக்காரர்களுக்கும் ரொம்ப நாள் இருந்திருக்கிறது. தேன் நிறத்திலும் காவி நிறத்திலும் தொங்குகிற விழுதுகளை எல்லாம் இரும்பு ஆக்சைடு என்றே எழுதி வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அதில் பெரும்பாலானவற்றில் நிறம் தருவது இரும்பு இல்லை, மேலே மண்ணில் செடிகொடி மக்கி வருகிற ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் என்று தெரிந்தது. சில விழுதுகளில் இரும்பே நிறம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை அது.

சமணப் படுக்கை உள்ள மலைகளில் குகை முகப்புக்கு மேலே பாறையில் ஒரு காடி வெட்டி, மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் நுனியிலேயே சொட்டும்படி செய்கிற வழக்கம் உண்டு. முனிவர் நனையாமல் படுக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதனால் அடியில் இருக்கிற எழுத்தின் மேல் துரு இறங்குவதும் குறைந்தது.

மத்தியானம் கரூரில் கரம் என்கிற நொறுக்குத்தீனி சாப்பிட்டோம், மச்சான் இரண்டு செட்டு. கொடுமுடி வழியாகக் கிளம்பியாயிற்று.

ஞாயிறு, அறச்சலூர், கீழ்பவானி வாய்க்கால்

நாகமலையில் ஆண்டிப்பாறைக்கு ஏறிவிட்டு வந்தோம். புலவர் செ. இராசு கண்டுபிடித்துச் சொன்ன இசைக் கல்வெட்டு, த, தை, தா, தே என்று வரிக்கு ஐந்து எழுத்தாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ‘எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்’ என்று பெயரும் போட்டிருக்கிறது. இரும்பு என்று பார்த்தால் நேற்றுப் பார்த்ததுக்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை.

உருப்படியான சமாச்சாரம் கீழே வாய்க்கால் கரையில் கிடைத்தது. கரையின் வெளிப்பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிக் கசிவுத் தண்ணீர் தேங்கியிருந்த குழியில் ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு சளி, தண்ணீர் மேலே வானவில் நிறத்தில் ஏடு. யாரோ டீசல் ஊற்றிவிட்டார்கள் என்று தோட்டத்துக்காரர் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு குச்சியை எடுத்து ஏட்டைக் கலைத்தேன், சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே மிதந்தது. எண்ணெய் என்றால் கலைத்த இடம் சுற்றி வந்து மறுபடி மூடிக்கொள்ளும். உடைந்து நின்றால் அது இரும்பு ஏடு, பக்டீரியா வேலை.

“இதனால மரத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?”

“ஒண்ணும் ஆவாதுங்கண்ணா, சொட்டுநீர்க் குழாய்ல புகுந்தாத்தான் அடைச்சுக்கும்.”

“அதானே பாத்தேன், போன வருசம் பூரா அதுதானுங்களே ரோதனை!”

கல்லியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் என்று இரண்டு வகை பக்டீரியா இதில் பேர்போனவை. தண்ணீரில் கரைந்த இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்துவிட்டு, கல்லியோனெல்லா அதில் வருகிற சொற்ப சக்தியில் பிழைக்கிறது. கல்லியோனெல்லா முறுக்கிய இழையாகவும், லெப்டோத்ரிக்ஸ் குழாய் உறையாகவும் துருவைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். உயிர் போனாலும் உறை அப்படியே இருக்கும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லெச்சுகியா என்று ஒரு குகை, அங்கே துருவாலேயே ஆன விழுதுகள் தொங்குகின்றன, அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே இப்படிப்பட்ட இழைகள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரேசிலில் கராஜாஸ் பக்கம் கதை தலைகீழ், அங்கே குகையே இரும்புத் தாதுப் பாறைக்குள் உண்டானது. துருவைத் திரும்பக் கரைய வைக்கிற வேறு பக்டீரியாக்களுக்கு அந்தக் குகைகளைக் குடைந்ததில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கட்டுவதும் நுண்ணுயிர், இடிப்பதும் நுண்ணுயிர்.

கரையில் காய்ந்து கிடந்த மஞ்சள் மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். இராத்தங்கல் சென்னிமலைப் பக்கம் அத்தை வீட்டில். அரிசிம்பருப்பு சாப்பாடு ஆனதும் விறகடுப்புத் தணலில் ஒரு பழைய கரண்டியை வைத்து அந்த மண்ணைப் பொடித்துப் போட்டேன்.

“ஏங்கண்ணு, சோறாக்கற அடுப்புல மண்ணைப் போடுவாங்களா? உங்கொப்பனுக்கும் இதே வேலைதான்” என்று அத்தை ஒரு பாட்டு விட்டார். விட்டாரே தவிர நகரவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் ஓரம் கறுத்தது, லேசாகப் புகைந்தது, அப்புறம் நடுவில் இருந்து பழுப்பு ஏறி ஏறி, டீ ஆறுகிற நேரத்துக்குள் நல்ல செங்கல் சிவப்பு. 250, 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கோதைட் தன்னிடம் உள்ள ஹைட்ரஜனைத் தண்ணீராக விட்டுவிட்டு ஹேமடைட் ஆகிவிடும். ஆறின பிறகு டைல்ஸில் தேய்த்தேன், சிவப்புக் கோடு. அத்தை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் குழைத்துப் பார்த்துவிட்டு, “காவிக்கல்லாட்டவே இருக்குது, வாசல்ல பட்டை அடிக்க ஆவுமே” என்றார். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற காவிக்கல்லுக்கும் சிவப்பு தருவது இதே ஹேமடைட்தான். கம்பி கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடிலும், பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையிலும் இதுவேதான்.

திங்கள், கொடுமணல்

நொய்யல் கரையில் இப்போது போய்ப் பார்த்தால் வெறும் காடு, தோண்டின குழிகளை மூடிவிட்டார்கள். சங்கப் பாடலில் கொடுமணம் என்று வருகிற ஊர் இது என்று சொன்னால் மச்சான் நம்பத் தயாராக இல்லை. 1985-ல் தொடங்கி இங்கே பல முறை அகழாய்வு செய்து, இரும்பு உருக்கிய உலையும் மூசையில் எஃகு செய்த உலையும், மணி அறுத்துத் துளைபோட்ட பட்டறைகளும் எடுத்திருக்கிறார்கள். நடக்கிற வழியில் காலில் இடறியது ஒரு கிட்டம், அதாவது இரும்பு உருக்கினபோது மிஞ்சிய கழிவு, நுரைத்து உறைந்த கறுப்புக் கல், ஓட்டைகளுக்குள் துரு. எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம், தயவுசெய்து யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

குகைக் கட்டுரையில் கொடுமணல் எதற்கு என்று கேட்பீர்கள். சூதுபவளத்துக்காகத்தான். இங்கே மணி செய்யப் பயன்பட்ட சூதுபவளம் குவார்ட்ஸ் வகைக் கல், அதன் சிவப்புக்குக் காரணம் கல்லுக்குள் பரவியிருக்கிற நுண்ணிய ஹேமடைட். தோண்டி எடுக்கும்போது பல கற்கள் மங்கலான மஞ்சள் பழுப்பில்தான் இருக்கும். மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைத்துச் சிவக்க வைப்பார்கள், குஜராத்தில் கம்பாத் பக்கம் இன்றைக்கும் இப்படிச் செய்கிறார்கள். நேற்று அத்தை அடுப்பில் கரண்டியில் நடந்தது இதேதான், கல்லுக்குள் நடக்கிறது என்பது மட்டும் வித்தியாசம். அறச்சலூர்க் கல்வெட்டில் பெயர் போட்டிருக்கிறாரே மணிய் வண்ணக்கன், மணிக்கல்லின் தரம் பார்க்கிறவர் என்று பொருள் சொல்கிறார்கள். ஒரு கல் சிவக்குமா சிவக்காதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற ஆளாக இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இந்த மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மனிதர்கள் குகைக்குள் போனது ரொம்பப் பழைய கதை. தென்னாப்பிரிக்காவில் பிளாம்போஸ் குகையில் சுமார் 1,00,000 ஆண்டுக்கு முன்பு காவிக்கல்லை அரைத்துச் சிப்பி ஓட்டில் குழைத்து வைத்தது அப்படியே கிடைத்தது. மெக்சிகோவில் யூகாத்தான் பக்கம் இப்போது கடல் மட்டம் ஏறி மூழ்கிவிட்ட குகைகளுக்குள், சுமார் 12,000 ஆண்டுக்கு முன்பு தொடங்கி ஆட்கள் தீ வெளிச்சத்தில் போய்க் காவி தோண்டிய குழிகளை முக்குளித்துக் கண்டுபிடித்து 2020-ல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் கிளியர்வெல் என்கிற சுண்ணாம்புக்கல் குகையில் இரும்புத் தாது பொந்து பொந்தாகப் படிந்திருக்கும், தாதுவுக்காகவும் காவிக்காகவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தோண்டியிருக்கிறார்கள்.

மத்தியானம் மழை. திருப்பூர் வழியாகக் கோயமுத்தூர் வந்து சேர இருட்டிவிட்டது, டிராபிக்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும்.

செவ்வாய், குமிட்டிபதி

வேலந்தாவளம் போகிற வழியில், கேரள எல்லை பக்கத்திலேயே. பதிமலையில் குகைச் சுவரில் யானையும் ஆட்களும் வெள்ளை நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். யானையின் முதுகுக் கோடு ஒரே இழுப்பு, கை நடுங்காத ஆள். அதன் மேலேயே பெயிண்டில் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறார்கள் நம்ம ஆட்கள், வயிறு எரிகிறது.

வெள்ளை எதனால் செய்தது என்று கண்ணால் சொல்ல முடியாது, சுண்ணாம்பாகவும் இருக்கலாம், வெள்ளைக் களிமண்ணாகவும் இருக்கலாம். நான் பார்த்தது ஓவியத்துக்கும் துருவுக்கும் உள்ள உறவை. கூரை விரிசலில் இருந்து இறங்குகிற மஞ்சள் பழுப்புக் கோடு ஒன்று வெள்ளைக் கோட்டின் மேலே ஏறிக் கடந்து போகிறது. அப்படியானால் அந்த இடத்தில் ஓவியம் முதலில், துரு அப்புறம். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் பழுப்புப் பட்டையின் மேல் வெள்ளை உட்கார்ந்திருக்கிறது, அங்கே துரு முதலில். ஆகக் கசிவு ஓவியத்துக்கு முன்னும் இருந்திருக்கிறது, பின்னும் இருந்திருக்கிறது. ஓவியத்துக்கு வயது சொல்ல இது போதாது, ஆனால் எது முன், எது பின் என்று சொல்ல ஒரு லென்ஸும் பொறுமையும் போதும். யாரும் தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்துப் படம் எடுக்காதீர்கள், தெளிவாகத் தெரியும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். தெளிக்கிற தண்ணீர் காயும்போது உப்பு மேலே வரும், அது நிறத்தைப் பெயர்த்துக்கொண்டு உதிரும்.

உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு என்கிற என் கணக்கு இங்கேயும் பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குகைக்குள் நல்ல சிவப்புத் திட்டு, மேலே புகைக்கரி. யாரோ அங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், சூட்டில் கோதைட் சிவந்துவிட்டது. ஆடு மேய்ப்பவர்களோ, போன வருசம் பிக்னிக் வந்தவர்களோ, அதைக் கல் சொல்லாது.

சிவப்பு ஓவியம் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் கிழக்குச் சரிவில் கரிக்கையூர் போகவேண்டும், கோத்தகிரிப் பக்கம், வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. கடிதம் கொடுத்திருக்கிறேன். அங்கே பார்க்க வேண்டியது, ஓவியத்தின் சிவப்பும் பாறையில் தானாகக் கசிந்த சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது என்பது. அரைத்துப் பூசின காவியில் துகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்க வேண்டும், விளிம்பு வெட்டினாற்போல் நிற்க வேண்டும். கசிந்ததில் விளிம்பு மங்கிக்கொண்டே போகும் என்பது என் ஊகம். மச்சான் மலை ரோட்டில் வண்டி ஓட்ட மாட்டேன் என்கிறான், கோத்தகிரி வர்க்கி வாங்கித் தருகிறேன் என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.